பிடித்த எலியை வதையாது கொல்லும் முறை

(வஹகோட்டைக் கமக்காரர்களுக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



எலியைப் பிடிப்பது எப்படி என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பொறி வைக்கும் இடம், இரையாக வைக்க வேண்டிய பொருள், வளையைக் கண்டறியும் வகை ஆகியவற்றை எடுத்துரைக்கும் பிரசுரங்கள் உண்டு. ஆயினும், பொறியில் உயிருடன் அகப்பட்ட எலியைப் பின்னர் யாது செய்வது என்பதைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. அது சொல்லித்தர வேண்டாத காரியம் என்று எண்ணிவிடுகிறோம். இதன் பயனாக, சில வீடுகளில் பொறியோடு எலியைக் கிணற்றடித் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். சில வீடுகளில் கொதிநீரை ஊற்றுகிறார்கள். வேறு சிலர் வாலில் கயிறு கட்டிச் சிறுவர்களின் கையிற் கொடுத்துவிடுகிறார்கள். இன்று நான் பேச வந்தது இந்தக் காரியத்தைப் பற்றியே.

எலியைக் கொல்லவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. குடலைப் பருவத்தில் நெற்பயிரின் தண்டைச் சாய்வாக அறுத்துப்போடும் எலியையும், வற்றாளைப் பாத்தியைக் கீழிருந்து குடைந்து மேற்கொடியை மட்டும் விட்டுவைக்கும் பெருச்சாளியையும் கண்டவர்களிடத்தில் அப்படிச் சொல்வது அறியாமையாகும். கொல்ல வேண்டியதைக் கொல்லத்தான் வேண்டும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த வேதனையுடன், உங்கள் உடல்நலத்துக்கு எவ்வளவு குறைந்த ஆபத்துடன் அதைச் செய்யலாம் என்பதே கேள்வி. கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. ஏனெனில் எலியை வதைத்துக் கொல்லும் முறைகளுள் அநேகமானவை கொல்பவனுக்கும் தீங்கு விளைவிப்பவை.

எலிக்காய்ச்சலை நீங்கள் அறிவீர்கள். 2008 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையில் பெருவாரியாகப் பரவியது. 7,000 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் நமது மாத்தளையும் ஒன்று. நோய்க்கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கியிருந்து சிறுநீருடன் வெளியேறுகிறது. நீரிலும் ஈரச் சேற்றிலும் அது பல நாட்கள் உயிர்வாழும். நம் கைகால்களிலுள்ள வெடிப்பு, கீறல் ஆகியவற்றின் வழியாகவும், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் மெல்லிய தோலின் வழியாகவும் உடலினுள்ளே புகும். அச்சமடைந்த எலி சிறுநீர் கழிக்கும். ஆகவே பொறியோடு எலியைத் தொட்டியில் அமிழ்த்துபவர், அந்தத் தொட்டி நீர் முழுவதையும் கிருமி நீராக்கி, அதிலேயே கையைவிட்டுப் பொறியை எடுக்கிறார். வாய்க்காலில் அமிழ்த்தினாலோ, கீழ்வயற்காரருக்கும் அதிற் பங்கு கிடைக்கிறது.

நீரில் அமிழ்த்துவது நோவில்லாத சாவு என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. இது தவறு. எலி நன்றாக நீந்தும் பிராணி. பொறிக்குள் நீந்தவும் வழியின்றி மூச்சை அடக்கித் துடித்து, இறுதியில் நீரை நெஞ்சுக்குள் இழுத்தே அது சாகிறது. இதற்குச் சில நிமிடங்கள் செல்லும். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், பிராணிகளை நீரில் அமிழ்த்திக் கொல்வது ஏற்கத்தகாத முறை என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறப்பட்டுள்ளது. அமிழ்த்துவதை நாம் விரும்புவதற்குக் காரணம், அங்கே நம் கை அடிப்பதில்லை, நம் கண் பார்ப்பதில்லை என்பதே. அந்த வசதி நமக்குரியது, எலிக்குரியதன்று.

கொதிநீர், நெருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நெருப்புப் பற்றிய எலி எங்கே ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது. வைக்கோற் போரை நோக்கியும் ஓடும். மின்கம்பியை வரம்பிற் கட்டுவது சட்டவிரோதமானது. எலிக்கும் பன்றிக்கும் கட்டிய கம்பியிற் கமக்காரரே மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கடைகளில் விற்கப்படும் ஒட்டுப்பசைத் தட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலை மலிவு, நஞ்சு இல்லை, வைப்பது எளிது என்பதனால் வீடுகளிலும் மரக்கறிக் களஞ்சியங்களிலும் அது பரவி வருகிறது. அதில் ஒட்டிய எலி உடனே சாவதில்லை. தோலும் மயிரும் பிய்ந்து, சில வேளைகளில் தன் காலையே கடித்துக்கொண்டு, மணிக்கணக்காகக் கிடந்து வருந்தும். தட்டை அப்படியே சுருட்டிக் குப்பையில் எறிந்தால் அது மறுநாள் வரையும் உயிரோடிருக்கக்கூடும். எலி மட்டுமன்றி ஓணான், பல்லி, சிறு குருவி, பூனைக்குட்டி ஆகியனவும் அதில் ஒட்டும். நியூசிலாந்தில் 2015 ஆம் ஆண்டு முதல் இதன் உபயோகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் இதைத் தடைசெய்யும் சட்டம் 2022 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. நம் கடைகளில் இது விற்கப்படுகிறது என்பதற்காக நாம் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. என்னைக் கேட்டால், எலி பிடிக்கும் சாதனங்களுள் இதுவே மிக இழிந்தது என்பேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். பிராணிகளை வதைசெய்தலைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வீட்டுப் பிராணிகளோடு பிடிக்கப்பட்ட பிராணிகளையும் சேர்த்தே பேசுகிறது. வயலில் ஓடும் எலி வேறு, நம் கூட்டுக்குள் அகப்பட்ட எலி வேறு. கூட்டுக்குள் வந்த கணத்திலிருந்து அது நம் பொறுப்பில் இருக்கிறது.

இனி, செய்யத்தக்கவற்றைக் கூறுகிறேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது, உயிருடன் பிடிக்காமல் அந்த இடத்திலேயே ஒரு நொடியிற் கொல்லும் அடிபொறியாகும். ஆயின் பொறி நல்லதாயிருக்க வேண்டும். வில் தளர்ந்த பொறி எலியின் கழுத்தில் விழாமல் காலிலோ வாலிலோ விழும், விழுந்தாலும் கொல்லாது. வாங்கும்போது காய்ந்த ஈர்க்குக் கட்டொன்றை உள்ளே நீட்டிப் பாருங்கள். சட்டென்று முறிய வேண்டும். சுண்டெலிக்குச் செய்த சிறு பொறியை வயலெலிக்கு வைக்கக் கூடாது. பெருச்சாளியோ அரைக் கிலோவுக்கும் மேல் நிறையுள்ளது. அதற்குச் சாதாரண எலிப்பொறி போதாது, வலிய கூட்டுப்பொறியே ஏற்றது. எலி சுவரோரமாகவும் வரம்போரமாகவும் நடக்கும் இயல்புடையது. ஆகையால் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த பக்கம் சுவரைத் தொடும்படி வைத்தால் எலியின் தலை சரியான இடத்தில் இருக்கும். சுட்ட தேங்காய்ச் சொட்டைப் பொறியின் நாக்கில் இறுகக் கட்டுங்கள். சும்மா வைத்தால் எலி மெல்ல எடுத்துக்கொண்டு போய்விடும்; இழுத்தெடுக்க முயலும்போதுதான் பொறி முழு வேகத்தோடு விழும். வயலில் வைப்பதானால் மாலையில் வைத்து விடியுமுன் எடுத்துவிட வேண்டும். பகலிற் கிடந்தால் புறாவும் செண்பகமும் அகப்படும்.

தமிழ்நாட்டின் காவிரிப் பாசனப் பகுதியில் வழங்கும் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் பொறியைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. அது மூங்கிலினாற் செய்யப்படுவது. வளைத்த மூங்கிற் சிம்பு வில்லைப் போல விறைத்து நிற்க, எலி தலையை நீட்டி இரையைத் தொட்டவுடன் வில் விடுபட்டு நாண் கழுத்தை நெரித்துவிடும். எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மாலையில் வயலெங்கும் கிட்டிகளை நட்டு, காலையில் இறந்த எலிகளைச் சேகரித்து, எலிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார்கள். நஞ்சு இல்லை, விலங்கு நெடுநேரம் வருந்துவதில்லை, முறிந்தால் வேறு மூங்கில் வெட்டிக்கொள்ளலாம். அதே தமிழ்நாட்டில் இருளர் என்னும் மக்கள் வளைக்குள் புகை செலுத்தி, மண்ணைத் தோண்டி எலியைப் பிடித்து, அது சேர்த்துவைத்த நெற்கதிரையும் மீட்டெடுப்பார்கள். மட்பானையில் வைக்கோலை எரித்து, வாயினால் ஊதிப் புகை செலுத்துவது அவர்களது பழைய முறை. அது ஊதுபவரின் வாயையும் நெஞ்சையும் சுட்டது. கையினாற் சுழற்றும் இரும்புக் கருவி பிற்காலத்தில் வந்தது. புகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றே. புகை எலியை மயக்கும். எல்லா எலியையும் கொல்லாது. ஆகவே புகையிட்டபின் வளையை அடைத்துவிட்டுப் போவது அரைகுறை வேலை. தோண்டிப் பார்த்து முடிக்க வேண்டும். நம் பகுதியிலும் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. கிட்டி செய்யக் கற்றுக்கொள்ளும் இளைஞர் இருவர் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் இருந்தால் நன்று.

கூட்டுப்பொறியில் எலி உயிருடன் அகப்பட்டிருந்தால் செய்ய வேண்டியதை இப்போது சொல்கிறேன். கேட்பதற்கு இனிமையானதன்று, ஆயினும் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, காலம் தாழ்த்தக் கூடாது. விடியற்காலையிற் பொறியைப் பார்த்து அப்பொழுதே காரியத்தை முடிக்க வேண்டும். வெயிலில் வைத்துவிட்டு மத்தியானம் வந்து பார்ப்போம் என்பது அதை மெல்ல அவித்துக் கொல்வதற்கு ஒப்பாகும். தடித்த இறப்பர்க் கையுறையும் கால்மூடிய சப்பாத்தும் அணிந்துகொள்ளுங்கள். சிறுவர்களை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

தடித்த சணற்சாக்கு ஒன்றை எடுத்து, அதன் வாயைப் பொறியின் கதவைச் சுற்றி இடைவெளியின்றிப் பிடியுங்கள். இதற்கு இருவர் வேண்டும். சாக்கின் உட்புறம் இருட்டாகவும் பொறி வெளிச்சத்திலும் இருக்கட்டும். கதவைத் திறந்து பின்புறமிருந்து மெல்ல ஊதினால் எலி இருட்டை நாடிச் சாக்கினுள் ஓடிவிடும். குச்சியினாற் குத்த வேண்டாம். குத்தினால் பொறிக் கம்பியைக் கடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். எலி உள்ளே சென்றவுடன் சாக்கை முறுக்கி, எலி ஒரு மூலையில் அசையாதபடி ஒடுக்குங்கள். தலை எந்தப் பக்கம் என்பதைச் சாக்கின்மேல் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த மூலையைக் கருங்கல்லின் மீதோ சீமெந்துத் தரையின் மீதோ வைத்து, கனமான மண்வெட்டிப் பிடி போன்ற தடியினால் தலையின் பின்புறத்தில் முழுப் பலத்துடன் ஓங்கி ஒரே அடி அடிக்க வேண்டும். உடனே இரண்டாவது அடி. சேற்று வரம்பின் மேல் வைத்து அடிக்காதீர்கள். சேறு அடியை வாங்கிக்கொள்ளும், எலி காயத்துடன் உயிர்வாழும். சாக்கைச் சுழற்றிச் சுவரில் அடிப்பதும் வேண்டாம். அடி எங்கே விழும் என்பது தெரியாது.

சரியாக விழுந்த அடியில் எலி அக்கணமே உணர்விழக்கும். அதன்பின் கால்கள் சிறிது நேரம் உதறலாம். அது நரம்பின் துடிப்பேயன்றி வேதனையன்று. ஆயினும் இறந்துவிட்டது என்று நீங்களே தீர்மானித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் பொறுத்துச் சாக்கைத் திறந்து பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? நீண்ட ஈர்க்கினாற் கண்ணைத் தொட்டால் இமை அசைகிறதா? இரண்டும் இல்லையென்றால்தான் வேலை முடிந்தது. ஐயமிருந்தால் மீண்டும் அடியுங்கள்.

தயக்கத்தோடு அடிக்கும் மெல்லிய அடிதான் மிகப் பெரிய வதை. இரக்கமுள்ளவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள். கை நடுங்குபவர் இதைச் செய்ய வேண்டாம். செய்யக்கூடிய அயலவரை அழையுங்கள். அல்லது கூட்டுப்பொறியை விட்டு அடிபொறியை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடங்களிற் கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விடுவித்துக் கொல்வார்கள். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. சுமார் 200 கிராமுக்கு மேற்பட்ட எலிக்கு வெறுங்கையினால் அது ஆகாது. காட்டெலி கடிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பாம்புகளுக்கு உணவாக எலி வளர்க்கும் இடங்களிற் காபனீரொட்சைட்டு வாயுவை உபயோகிப்பதாகக் கேள்விப்பட்டு, சிலர் அதைப் பற்றிக் கேட்பதுண்டு. உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தக்கூடும் ஆகையால், எலியை முன்னரே கொன்று கொடுப்பதே அங்கு நல்ல முறையாகக் கருதப்படுகிறது. உருளையிலிருந்து வாயுவை அளவிட்டுச் செலுத்துவார்கள். பெட்டியின் கொள்ளளவில் நூற்றுக்கு 30 முதல் 70 பங்கு வரை ஒரு நிமிடத்தில் நிரம்ப வேண்டும் என்பது மேற்சொன்ன 2020 ஆம் ஆண்டு வழிகாட்டியின் விதி. குறைந்தால் எலி மூச்சுமுட்டி நெடுநேரம் தவிக்கும். மிகுந்தால் மூக்கும் கண்ணும் எரியும். பிறந்து சில நாட்களேயான குஞ்சுகளுக்கு நெடுநேரம் வேண்டும். அளவுகருவியின்றி இதைச் செய்ய முடியாது. வினாகிரியையும் சோடாவையும் போத்தலிற் கலந்து வாயு செய்வதும், உழவு இயந்திரத்தின் புகைக்குழாயைச் சாக்கினுள் விடுவதும் இதற்கு ஈடாகா. இயந்திரப் புகை சூடானது. கரியும் பிற வாயுக்களும் கலந்தது. எலியைச் சுட்டே கொல்லும்.

வளையைத் தோண்டும்போது கண் திறவாத குஞ்சுகள் அகப்படுவதுண்டு. அவற்றை வரம்பில் எறிந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. சிறியது என்பதனால் அதற்கு நோவில்லை என்று எண்ணாதீர்கள். எறும்பு தின்னத் தின்ன அவை மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தட்டைக் கல்லின்மேல் வைத்து, மற்றொரு கல்லினால் ஒவ்வொன்றையும் ஒரே அடியில் முடியுங்கள். பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும் எறிவதைவிட அதுவே கருணை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர் புனித அந்தோனியார் தேவாலயத்தால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். சுற்றிலும் பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் வாழ்கிறார்கள். உயிர்க்கொலைக்கு அஞ்சும் மனிதர் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவர்களுள் ஒருசாரார் எலியைப் பொறியோடு தூக்கிக்கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுகிறார்கள். அந்த “எங்கேனும்” என்பது பெரும்பாலும் அயலாரின் வயலாகவே இருக்கிறது! புண்ணியம் ஒருவருக்கு, நட்டம் மற்றொருவருக்கு. வளையும் வழியும் அறியாத புது இடத்தில் விட்ட எலி பசியாலோ, வேறு எலிகளின் கடியாலோ சாவதும் உண்டு. கொல்ல மனமில்லாதவர் பிடியாதிருப்பதே நேர்மை. அவர்கள் செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது: வரம்பை அகலத்திலும் உயரத்திலும் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாமற் குறுக்குவது, வரம்பின் புல்லை வெட்டுவது, களஞ்சியத்தின் ஓட்டைகளைத் தகரத்தினால் அடைப்பது, சாரைப்பாம்பையும் ஆந்தையையும் அடிக்காமல் விடுவது. சாரைப்பாம்பு ஒன்று வளைக்குள்ளேயே புகுந்து எலியைத் தேடித் தின்னும். எலியினால் நட்டமடைந்தவரே அதைக் கண்டவுடன் தடியெடுப்பது எனக்கு இன்றும் விளங்காத காரியம்.

நஞ்சு வைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். எலி மிகப் பெருகிய காலத்தில் நஞ்சு தேவைப்படலாம். ஆனால் அது வலியற்ற முறை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சுண்ட எலி மூன்று முதல் ஏழு நாட்கள் வரை உள்ளே இரத்தம் கசிந்து சாகிறது. அந்நாட்களில் தளர்ந்து திரியும் எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்நஞ்சு சேரும். சிங்கு பொசுபைட்டு வயிற்றினுள் நச்சுவாயுவாக மாறிக் கடும் வேதனையுடன் கொல்லும். நாய், கோழி, குழந்தை எவருக்கும் அது இரங்காது. எனவே பொறியும் வளை தோண்டலும் முதலாவது, நஞ்சு கடைசி. அதுவும் ஊர்க் கமக்காரர் அனைவரும் சேர்ந்து, கமநல சேவை நிலையத்தின் ஆலோசனையுடன், நாற்று நட்ட தொடக்கத்திலே செய்தல் வேண்டும். கதிர் முற்றியபின் வைத்த நஞ்சை எலி தீண்டாது. அதற்குத்தான் வயல் முழுவதும் விருந்தாயிற்றே. ஒருவர் மட்டும் செய்வதனாலும் பயனில்லை. எலி 21 முதல் 23 நாட்களில் ஈனும் பிராணி. அயல்வயலில் எஞ்சியவை ஒரே போகத்தில் உங்கள் வயலை நிரப்பிவிடும்.

இறந்த எலியை வாலிற் பிடித்தும் வெறுங்கையால் தூக்காதீர்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமான மேட்டில், நாய் தோண்டாத ஆழத்திற் புதையுங்கள். அடிபொறியையும் கூட்டுப்பொறியையும் கொதிநீரூற்றிக் கழுவுங்கள். கொதிநீருக்கு ஏற்ற உபயோகம் இதுவே. கையுறையைக் கழற்றியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கையில் வெட்டோ புண்ணோ உள்ளவர் அது ஆறும்வரை இவ்வேலையில் இறங்க வேண்டாம். எலி வேலைக்கோ சேற்று வேலைக்கோ போன சில நாட்களுக்குள், அல்லது மூன்று நான்கு வாரங்களுக்குள், காய்ச்சலும் தசைநோவும், குறிப்பாகக் கெண்டைக்கால் நோவும், கண் சிவத்தலும் தோன்றினால், வீட்டில் மாத்திரை விழுங்கிக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் சென்று, “நான் வயலில் வேலை செய்தவன், எலியைத் தொட்டவன்” என்று வைத்தியரிடம் முதலிலேயே கூறுங்கள். போகத் தொடக்கத்தில் கமக்காரருக்கு வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பற்றி உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அம்மருந்து ஏற்றதன்று.

கிட்டி கட்டும் முறையையோ, உங்கள் வயலின் எலி வளைகளையோ பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசுங்கள். சாக்கை மறுபடியும் நெல்லுக்கோ வெங்காயத்துக்கோ உபயோகிக்காதீர்கள். எலி வேலைக்கென ஒன்றை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் சவர்க்கார நீரிற் கழுவி, நல்ல வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள்; எலிக்காய்ச்சற் கிருமி ஈரத்தில் வாழ்வதேயன்றிக் காய்ந்த இடத்தில் நில்லாது.